புள்ளியியலும் பிறதுறை மாணவரும்

தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால், டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், கல்லூரி திறக்கும் காலம் வந்ததும் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு. மகனோ மகளோ பள்ளி இறுதித் தேர்வில் தேறியாயிற்று. இனிக் கணிதம் வேண்டாம் என்று பிள்ளை பிடிவாதம் செய்கிறது. ஆகவே உளவியலிலோ சமூகவியலிலோ வணிகவியலிலோ சேர்த்துவிடுவோம் என்று பெற்றோர் முடிவு செய்கின்றனர். சேர்ந்த சில மாதங்களுக்குள் அம்மாணவர் ஓர் உண்மையைக் கண்டு திடுக்கிடுகிறார். எந்தக் கணிதத்தை விட்டு விலகி வந்ததாக எண்ணினாரோ, அது வேறு உடை தரித்துக்கொண்டு அவருக்கு முன்னரே வகுப்பறைக்கு வந்து அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் புள்ளியியல்.

இதனைச் சிறப்புப் பாடமாக விரும்பி எடுத்துக் கற்போர் சிலரே. பொருளியல், வணிகவியல், உளவியல், சமூகவியல், கல்வியியல், வேளாண்மை, மருத்துவம் முதலிய துறைகளில் பயிலும் மிகப் பலருக்கு இது துணைப்பாடம். பெரும்பாலும் கட்டாயப் பாடம். தாமாக நாடாத ஒரு பாடத்தைத் தேர்வுக்காகக் கற்க நேரும்போது அம்மாணவர் உள்ளத்தில் நிகழ்வது யாது? அவருக்குத் தடையாக நிற்பது எது? அத்தடையை நீக்க ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியது யாது? இவற்றை இவ்வுரையில் சற்று ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டில்லி இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் நண்பர் ஒருவர் தம் மகளை நம் இல்லத்திற்கு அழைத்து வந்தார். பெண் உளவியல் வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தாள். புள்ளியியல் தாளில் இரு முறை குறைந்த மதிப்பெண் பெற்றதனால், படிப்பையே விட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். "படிப்பதில் கவனம் இல்லை, வேறொன்றும் இல்லை" என்றார் தந்தை. பெண் தலையைக் குனிந்தபடியே, "கணக்கு வருகிறது, மாமா. சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடையும் வருகிறது. ஆனால் நான் என்ன செய்கிறேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை" என்றாள்.

அந்தச் சொற்கள் நம்மைச் சுட்டன. ஏனெனில், நாமும் அதே நிலையில் இருந்தவரே. பொருளியல் பட்டப்படிப்பில் நமக்கும் ஒரு புள்ளியியல் தாள் இருந்தது. ஆசிரியர் வகுப்புக்கு வருவார். கரும்பலகையின் இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை சூத்திரங்களை எழுதுவார். மணி அடித்ததும் அழிப்பார். நாம் அவற்றை மனப்பாடம் செய்தோம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். புள்ளியியல் கற்றுவிட்டோம் என்றே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த நம்பிக்கை அலுவலகத்தில் உடைந்தது. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஓர் ஆய்வறிக்கையைத் தமிழாக்கும் பணி நமக்கு வந்தது. சிலரைக் கொண்டு இரு பயிற்சி முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த அறிக்கை அது. அவ்விரு முறைகளுக்கும் இடையே 'சிக்னிஃபிகன்ட்' ஆன வேறுபாடு காணப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. அகராதி காட்டிய வழியே, 'முக்கியமான வேறுபாடு எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றோம். வரைவைப் படித்த மேலதிகாரி நம்மை அழைத்தார். "இதைப் படிக்கும் அலுவலர், இரு முறைகளும் ஒன்றே என்று முடிவு கட்டி, எது செலவு குறைவோ அதைப் பிடித்துக்கொள்வார். மூலத்தில் அப்படியா இருக்கிறது?" என்று கேட்டார். நாம் விழித்தோம். மொழியில் நமக்கு ஐயம் இருக்கவில்லை. பொருள் நமக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல மதிப்பெண் பெற்ற நாமும், குறைந்த மதிப்பெண் பெற்ற நண்பர் மகளும் நின்றது ஒரே இடத்தில்தான். தனக்குப் புரியவில்லை என்பதை அவள் அறிந்திருந்தாள். நாம் அதையும் அறிந்திருக்கவில்லை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. புள்ளியியல் கற்போரிடம் தோன்றும் அச்சத்தை அளப்பதற்கென்றே அமெரிக்க ஆய்வாளர் சிலர் 1985 இல் ஒரு வினாப்பட்டியலை வகுத்து வெளியிட்டனர். அவர்கள் கண்ட கூறுகள் ஆறு. தேர்வைப் பற்றிய அச்சமும், கணக்குப் போடும் திறன் தமக்கில்லை என்னும் எண்ணமும் அவற்றுள் இருப்பது வியப்பன்று. ஆனால், கிடைத்த விடைக்குப் பொருள் சொல்ல அஞ்சுதல், பிறரிடம் உதவி கேட்க அஞ்சுதல், ஆசிரியரைக் கண்டே அஞ்சுதல், இப்பாடத்தால் பயனே இல்லை என்று கருதுதல் ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஆறில் ஒன்றே கணக்குப் போடும் திறனைப் பற்றியது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்து உளவியல் மாணவரிடையே சூ கோர்டன் என்னும் ஆசிரியர் நடத்திய ஆய்வொன்று 2004 இல் வெளியாயிற்று. கட்டாயம் இல்லாவிடின் இப்பாடத்தை எடுத்திருக்கவே மாட்டோம் என்ற மனநிலையிலேயே அவர்களுள் பெரும்பாலோர் இருந்தனர். புள்ளியியல் என்றால் என்ன என்று கேட்டபோது, பொருளற்ற ஒன்று என்றனர் சிலர். படிப்படியாகச் செய்யவேண்டிய செய்முறைகளின் தொகுப்பு என்றனர் சிலர். வாழ்க்கையில் விடை காண உதவும் கருவி என்றும், சீர்தூக்கிச் சிந்திக்கும் முறை என்றும் கூறியோரும் இருந்தனர். ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே நூலைக் கற்றோரும் வெவ்வேறு பாடத்தைக் கற்றவர்போல் விடையளிக்கின்றனர். செய்முறைத் தொகுப்பு என்று கருதியவர் செய்முறையையே கற்றார். சிந்திக்கும் முறை என்று கருதியவர் சிந்திக்கக் கற்றார்.

எனவே, துணைப்பாடமாகப் புள்ளியியல் கற்போரின் தொல்லை முதன்மையாகக் கணக்கைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். நண்பர் மகளுக்கு அன்று நாம் கூறியதும் இதுவே.

அவள் கல்லூரிக்குச் செல்ல இரு வழிகள் உண்டு: ஒன்று மெட்ரோ இரயில், மற்றொன்று பேருந்து. மெட்ரோவில் ஐந்து நாள்கள் சென்றபோது முறையே 47, 49, 50, 51, 53 நிமிடங்கள் ஆயின என்று கொள்வோம். பேருந்தில் ஐந்து நாள்கள் சென்றபோது 30, 35, 50, 60, 75 நிமிடங்கள் ஆயின என்று கொள்வோம். இரண்டிற்கும் கூட்டுத்தொகை 250, சராசரி 50. சராசரியை மட்டும் பார்ப்பவர் இரு வழிகளும் ஒன்றே என்பார். "தேர்வு நாளன்று நீ எதில் செல்வாய், அம்மா?" என்று கேட்டோம். "மெட்ரோவில்தான்" என்று உடனே விடை வந்தது. "ஏன்? சராசரி ஒன்றுதானே?" என்றோம். "பேருந்தை நம்ப முடியாதே, மாமா!" என்றாள்.

அந்த 'நம்ப முடியாமை'யை எண்ணாகக் கூறுவதே திட்ட விலக்கம். ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று காண்கிறோம். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அழித்துவிடாதிருக்க அவ்விலக்கங்களை வர்க்கமாக்குகிறோம். அவ்வர்க்கங்களின் சராசரியைக் கண்டு வர்க்கமூலம் எடுக்கிறோம். மெட்ரோவுக்கு விடை 2 நிமிடம். பேருந்துக்கு ஏறத்தாழ 16 நிமிடம். அப்பெண் இச்சூத்திரத்தை நூறு முறையேனும் எழுதியிருப்பாள். தினமும் காலையில் தான் செய்துவந்த முடிவுதான் அச்சூத்திரத்தில் இருக்கிறது என்பதை எவரும் அவளுக்குக் கூறியதில்லை.

சராசரியும் அத்தகையதே. ஓர் அலுவலகத்தில் ஒன்பது பேர் மாதம் 20,000 ரூபாய் வீதமும், ஒருவர் 3,20,000 ரூபாயும் ஊதியம் பெற்றால், பத்துப் பேரின் சராசரி ஊதியம் 50,000 ரூபாய். கணக்கில் பிழை இல்லை. ஆனால் 50,000 ரூபாய் பெறுபவர் அங்கு ஒருவரும் இல்லை. ஊதியத்தின்படி அனைவரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 20,000 என்பார். அதுவே இடைநிலை அளவு. எந்த அளவை எந்த இடத்தில் கூறுவது நேர்மை என்பதே இங்குள்ள வினா. அது கணித வினா அன்று. நடுவுநிலைமை பற்றிய வினா. கலைப்பிரிவு மாணவர் இதனைப் புரிந்துகொள்ள இயலாதவர் என்று எவர் கூற முடியும்?

அடுத்த தடை சொற்களால் விளைவது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது நன்கு தெரிந்த இடம். வேதியியலில் வரும் கலைச்சொல் புதிதாக இருக்கும். ஆகவே மாணவர் விழிப்போடு அதனை அணுகுவார். புள்ளியியலோ நாள்தோறும் வழங்கும் சொற்களை எடுத்து அவற்றுக்கு வேறு பொருளை ஏற்றுகிறது. பழகிய முகம் என்று அருகில் சென்றால், அவர் வேறொருவராக இருக்கிறார்.

'பிழை' என்கிறது பாடநூல். எவரோ தவறு செய்துவிட்டார் என்று மாணவர் கருதுகிறார். அளவைகள் இயல்பாகவே ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் என்பதே அதன் பொருள். 'இயல்நிலைப் பரவல்' என்கிறது நூல். அதற்கு உட்படாத யாவும் இயல்புக்கு மாறானவை என்று மாணவர் எண்ணுகிறார். மணியின் வடிவம் கொண்ட ஒரு வளைகோட்டுக்கு அது பெயர், அவ்வளவே. ஆங்கிலத்தில் மக்கள்தொகையைக் குறிக்கும் சொல், இப்பாடத்தில் மின்விளக்குகளையோ நெல்வயல்களையோகூடக் குறிக்கக்கூடும். அதனாலேயே தமிழில் 'முழுமைத் தொகுதி' என்று வழங்குகிறோம். இந்தி நூல்களில் அதற்குச் 'சமஷ்டி' என்று பெயர். பழைய தமிழ் நாளிதழ்களைப் படித்து வளர்ந்தவர்க்குச் சமஷ்டி என்றதும் கூட்டாட்சி அன்றோ நினைவுக்கு வருகிறது? வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள் ஒரே கருத்தை மூன்று பெயர்களோடு சுமக்க வேண்டியிருக்கிறது. இதனைச் சுமையாக மட்டுமே கருத வேண்டுவதில்லை. ஒரே கருத்துக்கு மூன்று மொழிகளில் உள்ள பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர், பெயருக்கு அப்பால் உள்ள பொருளைத் தேட நேர்கிறது.

'புள்ளி' என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது கோலத்துப் புள்ளி மட்டுமன்று. நகரத்தார் வழக்கில், கோயிலுக்குரிய வரியைக் கணக்கிடும்போது திருமணமான ஒவ்வோர் இணையரும் ஒரு புள்ளி. ஊரில் செல்வாக்குடையவரைப் பெரும்புள்ளி என்கிறோம். ஆகவே, புள்ளி என்றால் கணக்கில் இடம்பெற்ற ஆள் என்னும் பொருள் தமிழில் உண்டு. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேர்; அவர்களுள் 50 லட்சத்திற்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தோர். அந்த எண்ணுக்குள் இவ்வுரையைப் படிக்கும் அன்பர்களில் பலர் இருக்கின்றனர். அட்டவணையில் வறண்டு கிடக்கும் எண்ணுக்குப் பின்னால் ஆள்கள் நிற்கின்றனர் என்று உணர்த்துவதே இப்பாடத்தைத் தொடங்குவதற்குரிய இடம் என்பது நம் கருத்து.

மூன்றாவதான தடையே எல்லாவற்றினும் பெரியது. பள்ளிக் கணிதத்தில் விடை ஒன்றே. அது சரி அல்லது தவறு. புள்ளியியலோ, 'இவ்வளவு உறுதியோடு இதைக் கூறலாம். அதற்குமேல் கூற இயலாது' என்கிறது. உறுதியின்மையையும் அளந்து கூறும் இந்தப் பழக்கம் தொடக்கத்தில் மாணவரைக் குழப்புகிறது. 'இன்மைக் கருதுகோள்' என்னும் பகுதியில் பலரும் தடுமாறுவது இதனாலேயே. இதற்கு விளக்கமாக ஒரு தேநீர்க் கதை உண்டு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், 1935 இல் வெளியிட்ட சோதனை அமைப்பு பற்றிய தம் நூலில் இதனை விளக்கினார்.

கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூறிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. நம் இல்லங்களில் காப்பியைப் பற்றி இத்தகைய சபதங்கள் நாள்தோறும் நிகழ்வதால், இது நமக்குப் புதிதன்று. நம்புவதா, மறுப்பதா? ஃபிஷர் கூறிய வழி இது: எட்டுக் கோப்பைகள் வைக்கப்படும். நான்கில் பால் முதலில். நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கலால் முடிவு செய்யவேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பொறுக்கி எடுக்கவேண்டும்.

அவருக்கு அத்திறன் சிறிதும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். இதுவே இன்மைக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றே முற்றிலும் சரியானது. ஆகவே, குருட்டு நல்வாய்ப்பால் நான்கையும் அவர் சரியாக எடுப்பதற்கு 70 இல் ஒரு வாய்ப்பே உண்டு. நான்கையும் சரியாக எடுத்துவிட்டால், 'இது வெறும் வாய்ப்பால் நிகழ்ந்தது என்று கொள்வது கடினம்' என்கிறோம். மூன்றை மட்டும் சரியாக எடுத்தால்? மூன்றையேனும் சரியாக எடுக்கும் வழிகள் 17. எழுபதில் பதினேழு என்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. திறன் இல்லாதவர்க்கும் அது எளிதில் நேரக்கூடும். ஆகவே, அதனைக் கொண்டு அவர் திறனை ஒப்புக்கொள்ள இயலாது.

இங்குதான் நுட்பம் இருக்கிறது. மூன்றை மட்டும் சரியாக எடுத்தார் என்பதனால், அவருக்குத் திறன் இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதா? இல்லை. எட்டே கோப்பைகளைக் கொண்ட இந்தச் சிறிய சோதனையால் வாய்ப்பையும் திறனையும் பிரித்துக்கூற இயலவில்லை, அவ்வளவுதான். கோப்பைகளை மேலும் பெருக்கினால் ஒருவேளை தெரியலாம். வழக்கு மன்றத்தில் ஒருவர்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும், அவர் அச்செயலைச் செய்யவே இல்லை என்பதும் வேறு வேறு அல்லவா?

அலுவலகத்தில் நாம் செய்த தவறு இப்போது விளங்கும். 'முக்கியமான வேறுபாடு இல்லை' என்று நாம் எழுதியது, பெண்மணிக்குத் திறனே இல்லை என்று தீர்ப்புக் கூறுவதற்கு ஒப்பாகும். மூலம் கூறியதோ, 'காணப்பட்ட வேறுபாடு வெறும் வாய்ப்பால் விளைந்திருக்கக்கூடும் என்பதை இவ்வாய்வால் விலக்க இயலவில்லை' என்பதே. தமிழ்ப் பாடநூல்கள் இக்கருத்துக்குச் 'சிறப்புகாண்' என்னும் அடையை வழங்குகின்றன. இந்தியில் 'சார்த்தக்தா', அதாவது பொருளுடைமை, என்கின்றனர். எந்தச் சொல்லும் தனியே நின்று இப்பொருளைத் தந்துவிடாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016 இல் இதனைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட நேர்ந்தது. இவ்வகைச் சோதனையின் முடிவு, ஒரு விளைவு எவ்வளவு பெரிது என்பதையோ, எவ்வளவு முக்கியமானது என்பதையோ அளப்பதன்று என்று அது தெளிவுறுத்தியது. பயின்ற ஆய்வாளரும் இடறும் இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இடறினாள் என்றால், அதனை அறிவுக் குறை என்று கூறுவது நியாயமாகாது.

இத்துறையை வளர்த்தவர்களுள் பலர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்களே என்பதும் மாணவர் அறிய வேண்டிய செய்தி. பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று 1915 இல் தாயகம் திரும்பும் காலத்தில், புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றின் தொகுதிகள் அவர் கைக்குக் கிடைத்தன. அப்படிப்பு அவர் வாழ்வின் திசையை மாற்றியது. 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைக் கல்கத்தாவில் தோற்றுவித்தார். 1933 இல் 'சங்க்யா' என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். அவர் பிறந்த ஜூன் 29 ஆம் நாள், 2007 முதல் நம் நாட்டில் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாணவர் அஞ்சும் 'டி' சோதனைக்கு உரியவரான வில்லியம் கோசெட், டப்ளின் நகரத்து மது வடிப்பாலை ஒன்றில் வேலை பார்த்த வேதியியலாளர். சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கூறவேண்டிய தேவை அவருக்கு நாள்தோறும் இருந்தது. அதற்கு வழி கண்டு 1908 இல் கட்டுரை வெளியிட்டார். நிறுவனத்தின் விதி காரணமாகச் சொந்தப் பெயரில் எழுத இயலாமையால் அவர் பூண்ட புனைபெயர் 'ஸ்டூடன்ட்'; அதாவது, மாணவர். இன்றும் அச்சோதனைக்கு அப்பெயரே வழங்குகிறது. தேவை முதலில் வந்தது. சூத்திரம் பின்னர் வந்தது. நம் வகுப்பறைகளிலோ சூத்திரம் முதலில் வருகிறது. தேவை பெரும்பாலும் வருவதே இல்லை.

மாதிரி எடுத்தல் என்னும் பகுதியை நோக்குவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டியார் கூறுவர். மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படை இதுவே. ஆனால், பானையைக் கிளறாமல் மேற்சோற்றை மட்டும் நசுக்கிப் பார்த்தால், அடியில் தீய்ந்தது தெரியாது. மாதிரியை வாய்ப்புமுறையில் எடுக்க வேண்டும் என்று பாடநூல் வலியுறுத்துவது, பானையை நன்கு கிளறு என்பதுதான். வங்காளத்தில் சணல் பயிரிட்ட நிலப்பரப்பை மாதிரி முறையால் மதிப்பிடும் பணியை மகலனோபிஸ் 1937 இல் மேற்கொண்டார். அவ்வனுபவத்தின் வழியே 1950 இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. நாட்டு மக்கள் எதை உண்கின்றனர், எவ்வளவு செலவிடுகின்றனர், எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்பனவற்றை இன்றும் நாம் அறிவது பெரும்பாலும் அத்தகைய கணக்கெடுப்புகளாலேயே. அவற்றைக் கொண்டு திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. ஆகவே, அவ்வெண்களைப் படிக்கத் தெரிவது தேர்வுக்கு மட்டும் உரிய திறனன்று. குடிமக்கட்கு உரிய திறன்.

ஆயின், செய்யத்தக்கது யாது? ஆசிரியரைப் பொறுத்தவரை, உலகெங்கும் இத்துறையின் சிந்தனை ஒரு திசையில் சென்றுகொண்டிருக்கிறது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2005 இல் ஏற்று, கல்லூரிக்குரியதை 2016 இல் திருத்திய கற்பித்தல் நெறிமுறைகள், உண்மையான தரவுகளைப் பயன்படுத்துமாறும், செய்முறையைவிடக் கருத்துக்கு முதன்மை தருமாறும், மாணவரைத் தாமே ஈடுபட்டுக் கற்கச் செய்யுமாறும் கூறுகின்றன. பெருக்கலையும் வகுத்தலையும் கணிப்பொறி நொடியில் செய்துவிடும் இக்காலத்தில், வகுப்பு நேரத்தை அவற்றிலேயே செலவிடுவதால் பயனில்லை. எனினும், கணிப்பொறி விடையைத் தருமேயன்றி, எதைக் கேட்கவேண்டும் என்பதைத் தாராது. சிறிய எண்களைக் கொண்ட ஒரு கணக்கையேனும் மாணவர் கையால் செய்து பார்த்தால்தான், பொறி செய்வது யாது என்பது அவருக்கு விளங்கும்.

மாணவர்க்கு நாம் கூறுவது மூன்று. முதலாவது, ஒவ்வொரு சூத்திரத்தையும் எழுதியபின், அது எந்த வினாவுக்கு விடை என்று ஒரு வரியில் தம் தாய்மொழியில் எழுதிப் பார்க்கவேண்டும். எழுத இயலவில்லை என்றால், அங்கேதான் புரியாமை இருக்கிறது. இரண்டாவது, தம் வாழ்வுக்குரிய எண்களைத் திரட்டிப் பழகவேண்டும்: பயண நேரம், மின்கட்டணம், காய்கறி விலை எதுவாயினும் ஆகும். மூன்றாவது, வகுப்பில் கேட்க வேண்டும். தமக்கு மட்டுமே புரியவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு வாளாவிருக்கும் வகுப்பில், ஒருவர் கேட்கும் கேள்வி பலருக்கு விடுதலையாக அமையும்.

பெற்றோர்க்குக் கூறுவது ஒன்றே. வெளிமாநிலத்தில் வாழும் நாம், பிள்ளைகளின் படிப்பையே நம் முதலாகக் கருதுகிறோம். ஆகவே மதிப்பெண் குறைந்தால் கலங்குகிறோம். 'கவனம் இல்லை' என்று கடிந்துகொள்வதற்கு முன், 'எது புரியவில்லை?' என்று கேட்போம். புரியவில்லை என்று சொல்லத் துணியும் பிள்ளை, புரிந்ததுபோல் நடிக்கும் பிள்ளையைவிடக் கற்றலுக்கு அருகில் நிற்கிறது. நடித்து மதிப்பெண் பெற்றவருள் ஒருவராதலின், இதனை நாம் உறுதியாகக் கூறலாம்.

நண்பர் மகள் படிப்பை விடவில்லை. புள்ளியியலில் அவள் முதன்மை பெற்றுவிட்டாள் என்று கூறினால் அது கதையாகும். தேறினாள், பட்டம் பெற்றாள். ஆயினும், அவள் இறுதியாண்டில் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறி முடிப்போம். நண்பர் இல்லத்தில் உணவருந்திக்கொண்டிருந்தோம். அவர் நாளிதழிலிருந்து ஒரு செய்தியைப் படித்தார். மக்களுள் பெரும்பாலோர் இன்ன பற்பசையையே விரும்புகின்றனராம். "பார்த்தீர்களா? நாமும் அதையே வாங்கலாம்" என்றார். மகள் தயிரைப் பரிமாறியபடியே கேட்டாள்: "எத்தனை பேரைக் கேட்டார்களாம், அப்பா? அவர்களை எப்படிப் பொறுக்கினார்களாம்?"

நண்பர் நாளிதழை மீண்டும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். அச்செய்தியில் அதற்கு விடை இல்லை.